பிரிக்க முன் பார்க்க வேண்டியவை: பழைய உழவு இயந்திரத்தின் கிளச்சும் பின்னிணைப்பும்

பெரும்போகத்துக்கான முதல் உழவு தொடங்கும் நாட்களில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள கராஜ்களில் ஒரே காட்சிதான். பழைய ஃபெர்குசன் மெசின் நடுவால் பிரிந்து, முன்பாதி மரக்கட்டைகளின் மேலும் பின்பாதி ஜாக்கியின் மேலும் நிற்கும். உரிமையாளர் புதுக் கிளச் பிளேட்டோடு காத்திருப்பார். பிளேட் மாறும், மெசின் வயலுக்குப் போகும். அடுத்த போகத்திலோ அதற்கு அடுத்ததிலோ அதே மெசின் அதே இடத்தில் மீண்டும் பிரிந்து நிற்கும். ஒரு பிளேட் ஏன் விரைவில் தேய்ந்தது என்று கேட்காமல் இன்னொன்றைப் போடுவதுதான் இதற்குக் காரணம். இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றே: பழைய மெசினில் கிளச்சின் தேய்வையும் பின்னிணைப்பின் தேய்வையும் இரண்டு வேலையாகப் பார்க்கக் கூடாது. பின்னால் உள்ள ஊசிகளும் கைகளும், காலடியில் உள்ள பெடல் இணைப்புகளும் தளர்ந்தால் அந்தத் தளர்ச்சிக்கு விலை கொடுப்பது பிளேட்தான். ஆகவே சோதனை பின்னாலிருந்து முன்னுக்கும் வெளியிலிருந்து உள்ளுக்கும் போக வேண்டும். மெசினைப் பிரிப்பது எல்லாம் பார்த்து முடிந்த பின் எடுக்கும் முடிவு.

இந்த இரண்டும் எப்படி ஒன்றாகின்றன என்பதை விளங்க, இந்த வகை மெசின் எந்த எண்ணத்தில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் பிறந்த ஹாரி ஃபெர்குசன், கலப்பையை மெசினுக்குப் பின்னால் கட்டி இழுப்பதை விட்டு, அதை மெசினின் ஓர் உறுப்பாகவே ஆக்கினார். கீழே இரண்டு கை, மேலே ஒரு டொப் லிங்க், இவற்றைத் தூக்கி இறக்க ஹைட்ரோலிக் என்பதே அவரது அமைப்பு. மண் கலப்பையை எதிர்க்கும்போது அந்த எதிர்ப்பு டொப் லிங்க் வழியாக முன்னோக்கித் தள்ளி ஒரு ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் வால்வை அசைக்கும். கலப்பை சற்றே உயர்ந்து சுமை குறையும். 1946இல் கொவென்ட்ரியில் உற்பத்தி தொடங்கிய டி.ஈ. 20 முதல், 1964இல் வந்த மெஸி ஃபெர்குசன் 135, அதன் பின் வந்த 240, சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டஃபே நிறுவனம் செய்த அதே வழி மெசின்கள் வரை இந்த அமைப்பின் எலும்புக்கூடு மாறவில்லை. நமக்கு முக்கியமான இன்னொன்றும் மாறவில்லை. இவற்றில் ஹைட்ரோலிக் பம்ப் மெசினின் நடு உடலுக்குள், கியர் ஒயிலில் மூழ்கி இருக்கிறது. அதைச் சுற்றுவது, பின்னால் மாட்டும் சுழல் கருவிகளுக்கு ஓட்டம் கொடுக்கும் பி.ரி.ஓ. தண்டு. அந்தத் தண்டுக்குச் சுழற்சி கிளச் வழியாகவே வருகிறது. அதாவது பின்னால் கலப்பையைத் தூக்கும் பலமே கிளச்சைக் கடந்துதான் போக வேண்டியிருக்கிறது.

இரட்டைக் கிளச் உள்ள மெசினில் பெடலுக்கு இரண்டு படிகள். பாதி மிதித்தால் சில்லுகளுக்குப் போகும் ஓட்டம் நிற்கும், பி.ரி.ஓ.வும் பம்ப்பும் தொடர்ந்து சுற்றும். முழுக்க மிதித்தால் இரண்டும் நிற்கும். காலை மெதுவாக இறக்கினால் நடுவில் பெடல் திடீரென்று கனப்பதை உணரலாம். இரண்டாம் படி தொடங்கும் இடம் அதுதான். வரம்போரத்தில் மெசினைத் திருப்பும் ஓட்டுநருக்கு இந்தப் பாதிப் படி உயிர் போன்றது. மெசின் நிற்க வேண்டும், கலப்பை எழ வேண்டும், இரண்டும் ஒரே நொடியில். பெடல் இணைப்பு தளர்ந்தோ தவறாகச் சரிசெய்யப்பட்டோ இருந்தால் இந்த இடம் தொலைந்துவிடும். சற்று மிதித்தால் மெசின் நிற்காது, இன்னும் மிதித்தால் பம்ப்பும் சேர்ந்து நின்று கலப்பை மண்ணிலேயே கிடக்கும். ஓட்டுநர் வேறு வழியின்றி பெடலை அரைகுறையாகப் பிடித்து, பிளேட் உரசிக்கொண்டிருக்கும்போதே கலப்பையைத் தூக்கப் பழகிவிடுவார். ஒரு வட்டையில் எத்தனை வரம்பு, ஒரு வரம்புக்கு எத்தனை திருப்பம் என்று எண்ணிப் பார்த்தால் பிளேட் எங்கே போகிறது என்று புரியும்.

உங்கள் மெசின் இந்த வகையா என்று அறிய ஒரு நிமிடம் போதும். என்ஜின் ஓடும்போது கியரை நடுவில் விட்டு, பி.ரி.ஓ. நெம்பைப் போட்டு, பெடலை முழுக்க மிதித்தபடி லிஃப்டை உயர்த்திப் பாருங்கள். எழாவிட்டால் பம்ப் கிளச்சுக்குப் பின்னால் இருக்கிறது. இங்கே சொல்வது முழுவதும் உங்களுக்கே. எழுந்தால் பம்ப் என்ஜினோடு நேராக இணைந்திருக்கிறது. அப்படிப்பட்ட மெசின்களில் லிஃப்டின் கோளாறுக்கும் கிளச்சுக்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஆனால் பெடல், ஊசி, இழுவை பற்றிப் பின்னால் வருவது அவற்றுக்கும் பொருந்தும்.

இப்போது பெடலுக்கு வருவோம். எந்தக் கருவியும் இல்லாமல் கிடைக்கும் ஆகச் சிறந்த சாட்சியம் அங்கேதான் இருக்கிறது, ஆகக் கூடுதலாகத் தவறாக வாசிக்கப்படுவதும் அதுவே. பெடலை விரலால் அழுத்தினால் முதலில் எதிர்ப்பே இல்லாமல் கொஞ்ச தூரம் போகும். அதன் பிறகே ரிலீஸ் பெயாரிங் கிளச்சின் விரல்களைத் தொட்டுக் கனம் தெரியும். இந்தச் சும்மா ஓட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது மொடலுக்கு மொடல் வேறு. கைநூலில் உள்ள அளவையே எடுக்க வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது அது எந்தப் பக்கம் மாறுகிறது என்பதை. பிளேட் தேயத் தேய, அழுத்தத் தட்டு ஃபிளைவீல் பக்கம் நகரும். விரல்கள் பின்னோக்கி, பெயாரிங்கை நெருங்கி வரும். எனவே பிளேட் தேய்ந்தால் சும்மா ஓட்டம் குறையும். பெடலின் ஊசி, இழுகம்பியின் முனை, குறுக்குத் தண்டின் புஷ் ஆகியவை தேய்ந்தாலோ சும்மா ஓட்டம் கூடும். ஒரே பெடலில் ஒரு தேய்வு குறைக்கிறது, மற்றது கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் ஒன்றை ஒன்று மறைத்துவிடும். பெடலில் அளவு சரியாகவே தெரியும், உள்ளே பெயாரிங் விரல்களில் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும்.

ஆகவே பெடலில் மட்டும் அளந்து நிற்கக் கூடாது. கிளச் கூட்டின் பக்கவாட்டில் குறுக்குத் தண்டின் முனையில் ஒரு நெம்புகை இருக்கும். இழுகம்பியைக் கழற்றிவிட்டு அந்த நெம்புகையைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அங்கே கிடைக்கும் அசைவுதான் பெயாரிங்குக்கும் விரல்களுக்கும் இடையே உள்ள உண்மையான இடைவெளி. பெடலில் தெரியும் ஓட்டத்தில் இதற்குரிய பங்கைக் கழித்தால் மிஞ்சுவது ஊசிகளின் தேய்வு. அதே நெம்புகையை மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். தண்டு கூட்டுக்குள் ஆடினால் புஷ் போய்விட்டது. பெடல் போகிறது, நெம்புகை திரும்புகிறது, ஆனாலும் கிளச் விடவில்லை என்றால் உள்ளே பெயாரிங்கைத் தள்ளும் கவையைத் தண்டோடு பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம், அறுந்திருக்கலாம். அதற்கு மட்டும் உள்ளே போகாமல் தீராது.

இதைச் செய்யாமல் விடும்போது நடக்கும் கேடு மிகப் பொதுவானது. ஊசிகள் தேய்ந்து பெடல் தொங்குகிறது, கியர் போடும்போது கரகரக்கிறது. இழுகம்பியின் நட்டைத் திருகிப் பெடலை மேலே கொண்டுவந்துவிட்டால் கியர் சுகமாக விழும். வேலை முடிந்ததென்று எல்லாரும் நினைப்பார்கள். ஊசியின் தளர்ச்சி இருக்க, பெடலில் மட்டும் அளவைச் சரிசெய்தபோது குறைக்கப்பட்டது பெயாரிங்கின் இடைவெளி. பெயாரிங் ஓய்வில்லாமல் சுற்றும், விரல்களைச் சற்று அழுத்தியபடியே இருக்கும், பிளேட் முழுப் பிடியின்றி நழுவும். சில ரூபாய் ஊசிக்காகச் செய்யாத வேலை, மெசினைப் பிரிக்கும் வேலையாக வந்து நிற்கும்.

வழுக்குகிறதா, ஒட்டுகிறதா என்று பிரித்தறிவதும் அவசியம். இரண்டுக்கும் மருந்து எதிரெதிர். வழுக்கலைப் பார்க்க, ஆள் நடமாட்டம் இல்லாத சமதரையில், கைப்பிரேக் இறுகப் போட்டு, உயர்ந்த கியரில் நடுத்தர வேகத்தில் பெடலை விடுங்கள். என்ஜின் திணறி அணைந்தால் பிடி இருக்கிறது. அணையாமல் ஓடினால் வழுக்குகிறது. ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், சோதனையே பிளேட்டை எரிக்கும். ஒட்டுதலைப் பார்க்க, பெடலை முழுக்க மிதித்துச் சில விநாடி பொறுத்துப் பின்கியரைப் போடுங்கள். பழைய கியர்பெட்டியில் தண்டு சுழன்று நிற்கச் சற்று நேரம் எடுப்பது இயல்பு; பொறுத்த பின்னும் பல் அரைத்தால் கிளச் விடவில்லை என்று பொருள். சத்தத்தையும் கேட்க வேண்டும். பெடலில் கால் பட்டவுடன் எழுந்து காலை எடுத்ததும் நிற்கும் இரைச்சல் ரிலீஸ் பெயாரிங்குடையது. கியரில் போட்டுப் பெடலை முழுக்க மிதித்திருக்கும்போது மட்டும் வருவது ஃபிளைவீலின் நடுவில் உள்ள சிறு பெயாரிங். நடுக் கியரில், காலை எடுத்திருக்கும்போது வருவது கியர்பெட்டியின் முன் பெயாரிங். அதற்குக் கிளச்சைக் குறை சொல்ல முடியாது. சுழல் கலப்பையோடு சேற்றில் போகும்போது என்ஜின் வேகம் குறையாமல் கலப்பை மட்டும் தளர்ந்தால் இரண்டாம் படிப் பிளேட்டைச் சந்தேகிக்க வேண்டும். லிஃப்ட் பலவீனமாவதற்கு அந்தப் பிளேட் மிக மோசமாகப் போயிருக்க வேண்டும். அதற்கு முன் ஒயிலின் அளவையும் பம்ப்பின் வடியையும் பார்ப்பதே முறை.

நம் பகுதிக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது நீரைப் பற்றி. கிளச் கூட்டின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. பலவற்றில் அது அடைபடாமல் இருக்க ஒரு பிளவு ஊசி தொங்கும். சேற்று உழவில் அந்தத் துளை களியால் அடைபடும், ஊசி விழுந்துவிடும், யாரும் கவனிப்பதில்லை. அந்தத் துளை இரண்டு வேலை செய்கிறது: உள்ளே போன நீரை வெளியே விடுகிறது, உள்ளே எந்த ஒயில் கசிகிறது என்று சொல்கிறது. கறுத்த ஒயில் சொட்டினால் என்ஜினின் பின் சீல். தெளிந்த, கியர் ஒயில் மணமுள்ளது சொட்டினால் கியர்பெட்டியின் முன் சீல். பாற்கலர் என்றால் கியர் ஒயிலில் நீர் கலந்திருக்கிறது. இந்த மெசின்களில் கியரும் ஹைட்ரோலிக்கும் ஒரே ஒயிலில் ஓடுவதால் அந்த நீர் பம்ப்பையும் தின்னும். 2011 ஜனவரி வெள்ளம் போல மெசின் மூழ்கிய பிறகு, என்ஜின் ஸ்டார்ட்டாகிறது என்பதை மட்டும் பார்த்து உழவுக்கு இறக்குவது பெரும் பிழை. ஒயிலை முழுக்க வடித்து மாற்றி, துளையைத் திறந்து, கூட்டைக் காயவிட்ட பின்பே சுமை ஏற்ற வேண்டும்.

வாவி நீர் வேறு கதை. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு சேரும் வாவி, மாரியில் நன்னீர்ப் பக்கமும் கோடையில் உப்புப் பக்கமும் சாயும். சிறுபோகம் முடிந்த வெய்யிலில் கரையோரம் இறக்கி மெசின் கழுவுவது உப்பைப் பெடல் ஊசிக்கும் கீழ்க் கைகளின் குண்டுகளுக்கும் ஊட்டுவதாகும். அந்த உப்பு துருவாகி, துரு ஊசியைத் தின்று ஓட்டையை நீள்வட்டமாக்கும். குளத்து நீரோ கிணற்று நீரோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள். வாவியில்தான் கழுவ வேண்டுமென்றால் கடைசியாக நல்ல நீர் ஊற்றிக் காய்ந்த பின் கிறீஸ் அடிக்க வேண்டும். மாரியில் வாரக்கணக்கில் நிற்கப்போகும் மெசினில், பெடலை மிதித்து ஒரு கட்டையால் தாழ்த்தி வைத்தால் பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டாது. அப்படி ஒட்டிய பிளேட்டைத் தேய்ந்த பிளேட் என்று எண்ணி மெசினைப் பிரித்தவர்கள் உண்டு.

இனிப் பின்பக்கம். கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கீழ்க் கைகளின் குண்டுகள், தூக்குகம்பிகளின் ஊசிகள், உயரம் மாற்றும் பெட்டி, பக்கச் சங்கிலிகள், டொப் லிங்க்கின் திருகும் அதன் இரு முனைகளும் என எதையும் விடக் கூடாது. ஊசியின் அளவு தனியாகக் கவனிக்கத்தக்கது. முதலாம் வகை இணைப்பில் கீழ் ஊசி 22 மி.மீ., டொப் லிங்க் ஊசி 19 மி.மீ.; இரண்டாம் வகையில் 28, 25. பெரிய ஓட்டைக்குள் சிறிய ஊசியைப் போட்டால் எதுவும் தேயாமலேயே 6 மி.மீ. ஆட்டம் வந்துவிடும். இதற்கென்று புஷ் கிடைக்கிறது. அதைப் போடாமல் கட்டடக் கம்பித் துண்டை ஊசியாகச் செருகுவதைப் பரவலாகக் காணலாம். மிருதுவான கம்பி தானும் தேய்ந்து ஓட்டையையும் கெடுக்கும்.

ஃபெர்குசன் வகையில் டொப் லிங்க் வந்து சேரும் இடத்தில் உள்ள அந்த ஸ்பிரிங்கையும் பாருங்கள். முன்பின்னாக அதில் ஆட்டமே இருக்கக் கூடாது. அதே வேளை கையால் சுழற்றினால் சுழல வேண்டும். ஆட்டம் இருந்தால், அல்லது டொப் லிங்க்கின் ஊசிகள் தளர்ந்திருந்தால், மண்ணின் எதிர்ப்பு முதலில் அந்தத் தளர்ச்சியைத் தின்ற பிறகே ஸ்பிரிங்கை எட்டும். செய்தி பிந்தும். கலப்பை ஆழப் போய், பிந்தி எழுந்து, மீண்டும் ஆழப் போகும். மழைக்கு முன் புழுதி உழவு செய்யும் இறுகிய நிலத்தில் இந்த ஏற்றஇறக்கம் தெளிவாகத் தெரியும். ஆழப் போகும் ஒவ்வொரு தடவையும் என்ஜின் திணறும், ஓட்டுநரின் கால் பெடலுக்குப் போகும். கொழுக்கலப்பையின் ஊசித் தேய்வு கிளச் பிளேட்டை எட்டும் வழி இதுதான்.

சேற்று உழவில் இந்தத் தானியங்கி ஆழக்கட்டுப்பாட்டை யார் பாவிக்கிறார்கள், உயர நெம்பில் வைத்துத்தானே ஓட்டுகிறோம் என்று ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அங்கே ஸ்பிரிங்கின் பங்கு குறைவுதான். ஆனால் சேற்றில் சுழல் கலப்பை தளர்ந்த கைகளில் தொங்கும்போது இடவலமாக அலையும், சாயும், பி.ரி.ஓ. தண்டின் மூட்டுகள் சரியில்லாத கோணத்தில் வெட்டி வெட்டிச் சுற்றும். அந்த அடி இரண்டாம் படிப் பிளேட்டுக்குப் போகும். வழி வேறு, சேருமிடம் ஒன்று.

இன்னொரு மறுப்பு, எல்லாம் கூலி ஓட்டுநரின் கால் செய்யும் வேலை என்பது. பெடலில் கால் வைத்தே ஓட்டும் பழக்கம் கேடுதான், அதைத் திருத்த வேண்டும். ஆயினும் தளர்ந்த மெசின்தான் அந்தப் பழக்கத்தை உண்டாக்குகிறது என்பதை மேலே கண்டோம். பாதிப் படி தொலைந்த பெடலில் எந்த ஓட்டுநரும் அரைக் கிளச்சில்தான் திருப்ப முடியும். ஊசியை மாற்றாமல் ஆளை மாற்றுவது நீதியும் அல்ல, பயனும் இல்லை. புதிதாக வருபவரும் சில நாளில் அதையே செய்வார்.

உழவு நேரத்தில் ஊசி ஊசியாகப் பார்க்க எங்கே நேரம் என்பதுதான் வலுவான மறுப்பு. மழை தொடங்கிவிட்டால் ஒவ்வொரு நாளும் காசு, அது உண்மை. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே சொன்ன வெளிச் சோதனைகள் எல்லாம் ஒரு காலைப்பொழுதில் முடியும். பிரித்தால், உதிரிப்பாகமும் ஆளும் கிடைத்தாலே நாட்கள் போகும். 2014இல் வாவியின் குறுக்கே மண்முனைப் பாலம் திறந்த பின் படுவான்கரையிலிருந்து கரை கடப்பது இலேசாகியிருக்கிறது. என்றாலும் ஓடாத மெசினைக் கொண்டுபோவது இன்றும் தனி வேலை. நேரம் இல்லாதவருக்கே வெளிச் சோதனை கூடுதலாகத் தேவை. அதற்கு ஏற்ற காலம் சிறுபோக அறுவடைக்கும் முதல் உழவுக்கும் இடைப்பட்ட வாரங்கள்.

தேய்ந்த ஓட்டையை வெல்டிங் செய்து நிரப்புவது மலிவு என்பார்கள். கையின் ஓட்டையை நிரப்பி லேத் பட்டறையில் அளவாகத் துளைத்து புஷ் போட்டால் அது நல்ல வேலை. நிரப்பிக் கையால் அராவி விடுவதும், குண்டையே கையோடு ஒட்டிவிடுவதும் நல்ல வேலை அல்ல. அசைய வேண்டிய மூட்டு அசையாவிட்டால் அந்த விசை ஊசியை முறிக்கும், அல்லது தூக்குகையை முறுக்கும்.

ஒன்றை மட்டும் எந்த விவாதமும் இன்றிச் சொல்ல வேண்டும். மணலோ செங்கல்லோ ஏற்றிய பெட்டி புதைந்தால் டொப் லிங்க் இணைப்பிலோ அச்சுக்கு மேலே வேறு எங்கோ சங்கிலி கட்டி இழுக்காதீர்கள். மெசின் முன் எழுந்து பின்னோக்கிக் கவிழும். ஓட்டுநருக்குக் குதிக்க நேரம் இருக்காது. இழுவை எப்போதும் கீழ்க் கொளுவியில்தான். தூக்கிய கருவிக்குக் கீழே கட்டை வைக்காமல் யாரும் புகவும் கூடாது. லிஃப்ட் பிடித்திருக்கும் என்று நம்பக் கூடாது.

இவ்வளவும் பார்த்து, ஊசிகள் இறுகி, நெம்புகையில் இடைவெளி சரியாக இருந்தும் வழுக்கினால், அல்லது துளையில் ஒயில் சொட்டினால், அப்போது பிரியுங்கள். பிரித்தால் அரைகுறையாக மூட வேண்டாம். ரிலீஸ் பெயாரிங், ஃபிளைவீலின் சிறு பெயாரிங், இரு பக்கச் சீல், கவையின் போல்ட், குறுக்குத் தண்டின் புஷ் எல்லாம் ஒரே தடவையில் மாற வேண்டியவை. தூசியைக் காற்றால் ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். பழைய பிளேட்டை எறிய முன் வாசியுங்கள். ஒயில் பளபளப்பு இருந்தால் சீல், நீலம் பாரித்து வெடித்த ஃபிளைவீல் என்றால் நீண்ட நாள் அரைக் கிளச், விரல்களின் முனை ஒருபுறம் மட்டும் தேய்ந்திருந்தால் வளைந்த கவையோ உயரம் ஒவ்வாத விரல்களோ. வெப்ப வெடிப்புள்ள ஃபிளைவீலை லேத்தில் சீராக்காமல் புதுப் பிளேட் போடக் கூடாது. இரட்டைக் கிளச்சின் விரல்களின் உயரத்தைக் கைநூலின் அளவுக்கு, மூன்றும் ஒன்றாக, அளவுத் தகடு வைத்தே சரிசெய்ய வேண்டும், கண்மட்டம் போதாது. மூடிய பின் முதல் சில நாள் வேலையில் புதுப் பிளேட் படிந்து சற்றுத் தேயும், சும்மா ஓட்டம் குறையும். அப்போது இழுகம்பியைக் கழற்றி, நெம்புகையில் மீண்டும் ஒரு தடவை அளந்து, அங்கே உள்ள இடைவெளிக்கே நட்டைத் திருகுங்கள்.